நிலக்கரி இல்லை என்று அறிவித்தவர்: வில்லியம் லோகன்

கனடாவின் மிக உயரமான சிகரம் யூக்கான் பிரதேசத்தில் 5,959 மீட்டர் உயரத்தில் நிற்கும் லோகன் மலை. 1798ஆம் ஆண்டு மாண்ட்ரியல் நகரில் பிறந்த நிலவியலாளர் சர் வில்லியம் லோகனின் நினைவாகவே அதற்கு அப்பெயர் சூட்டப்பட்டது. கனடிய நிலவியல் ஆய்வுத் துறையை நிறுவி, 27 ஆண்டுகள் அதன் தலைவராக இருந்தவர் அவர்.

எரிசக்தித் துறையின் வரலாற்றில் லோகன் இடம்பெறும் விதம் சற்று வித்தியாசமானது. அவரை நியமித்த அரசாங்கம் நிலக்கரியைத் தேடித் தருமாறு கேட்டது. அது அந்த மாகாணத்தில் இல்லை, கிடைக்கவும் செய்யாது என்று அவர் பதில் அறிக்கை அளித்தார். அந்தப் பதிலுக்குப் பிறகும் அவரது துறை மூடப்படவில்லை என்பதுதான் வியப்பு.

மலபார் மாவட்ட ஆட்சியராக இருந்து கேரள வரலாற்றை எழுதிய வில்லியம் லோகன் வேறொருவர். இருவரும் ஸ்காட்லாந்து வம்சாவளியினர் என்பதைத் தவிர வேறு பொருத்தம் இல்லை.

கணக்கு எழுதச் சென்ற இடத்தில்

லோகனின் பாட்டனார் ஜேம்ஸ் லோகன் ஸ்காட்லாந்திலிருந்து மாண்ட்ரியலில் குடியேறி, ரொட்டிக் கடை நடத்தி நிலபுலன் சேர்த்தவர். பேரன் 1814இல் படிப்புக்காக எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டார். பல்கலைக்கழகத்தில் ஓராண்டு மட்டுமே இருந்தார். பின்னர் லண்டனில் சிற்றப்பன் ஹார்ட் லோகனின் வணிக நிறுவனத்தில் கணக்குப் பார்க்கும் வேலையில் சேர்ந்தார். நிலவியலில் பட்டம் எதுவும் அவர் பெற்றதில்லை.

1831ஆம் ஆண்டு, 33ஆவது வயதில், அவரது வாழ்க்கை திசை மாறியது. தெற்கு வேல்ஸின் ஸ்வான்சி நகருக்கு அருகே செம்பு உருக்கும் ஆலை ஒன்றில் சிற்றப்பனுக்குப் பங்கு இருந்தது. அதன் கணக்குகளைக் கவனிக்க லோகன் அங்கே அனுப்பப்பட்டார். செம்பை உருக்க மிகப் பெருமளவு நிலக்கரி வேண்டும். கரி எங்கிருந்து வருகிறது, இன்னும் எத்தனை காலம் வரும், அடுத்த சுரங்கத்தை எங்கே தோண்டுவது என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் ஆலையின் வரவுசெலவைத் திட்டமிட முடியாது. சுரங்க முதலாளிகள் அனுபவத்தையும் ஊகத்தையும் நம்பியிருந்தார்கள். லோகனோ அளக்கத் தொடங்கினார்.

ஓய்வு நேரங்களில் திசைகாட்டியும் சுத்தியலுமாக மலைச்சரிவுகளில் நடந்து, ஒவ்வொரு கரிப் படுகையும் எங்கே தரைக்கு வருகிறது, எந்தச் சாய்வில் கீழிறங்குகிறது, எங்கே பிளவுற்று நகர்ந்திருக்கிறது என்பதை வரைபடத்தில் குறித்தார். நிலத்தின் மேற்பரப்புடன் அவர் நிற்கவில்லை. பூமியைக் கத்தியால் வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோன்ற குறுக்குவெட்டுப் படங்களையும் அளவு பிசகாமல் வரைந்தார். 1837இல் லிவர்பூலில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கத்தில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. பிரிட்டிஷ் அரசின் நிலவியல் ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்த ஹென்றி டி லா பேஷ் அவற்றைப் பார்த்துவிட்டு, தமது துறையின் பணிக்கு அப்படியே எடுத்துக்கொண்டார். சம்பளம் வாங்கும் நிபுணர்கள் செய்ய வேண்டிய வேலையை ஒரு கணக்கர் தம் விருப்பத்துக்காகச் செய்து முடித்திருந்தார்.

பூமிக்கடியில் இருப்பதைத் தோண்டாமல் அறியும் கலை இன்று புவி இயற்பியலாளர்களின் கையில் இருக்கிறது. அதிர்வலைகளை மண்ணுக்குள் அனுப்பி, அவை எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு அடுக்குகளை வரைகிறார்கள். இம்முறைக்கு அடிகோலியவர்களில் ஒருவரும் கியூபெக் மாகாணத்தில் பிறந்தவரே: வானொலி முன்னோடி ரெஜினால்ட் ஃபெசென்டன். ஒலி அலைகளால் தாதுப் படிவங்களைக் கண்டறியும் முறைக்கு அவர் 1917இல் காப்புரிமை பெற்றார். லோகனின் காலத்தில் அத்தகைய கருவி ஏதும் இல்லை. ஆயினும் மேற்பரப்பின் அளவுகளிலிருந்து ஆழத்தைக் கணிப்பது என்ற அடிப்படைச் சிந்தனை ஒன்றுதான்.

கரிக்குக் கீழே இருந்த களிமண்

வேல்ஸில் லோகன் கவனித்த மற்றொன்று, நிலக்கரி பற்றிய அறிவியலையே மாற்றியது. ஏறக்குறைய ஒவ்வொரு கரிப் படுகைக்கும் அடியில் ஒரு களிமண் அடுக்கு இருந்தது. அந்தக் களிமண்ணில் ஸ்டிக்மேரியா எனப்படும் ஒரே வகைப் புதைபடிவம் மீண்டும் மீண்டும் தென்பட்டது. சுரங்கத் தொழிலாளர்களுக்கு இந்தக் களிமண் பழக்கமானதுதான். அது ஏன் தவறாமல் அங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

தொல்காடுகளின் மரங்கள் ஆற்று வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு ஓரிடத்தில் குவிந்து கரியானதாகப் பலர் அப்போது நம்பினார்கள். மரங்கள் வளர்ந்த இடத்திலேயே மடிந்து, புதைந்து கரியாயின என்பதற்கு அக்களிமண்ணே சான்று என லோகன் வாதிட்டார். களிமண்தான் அந்தக் காட்டின் தரை. ஸ்டிக்மேரியா அம்மரங்களின் வேர் என்பது பிற்பாடு உறுதியாயிற்று. 1840இல் லண்டன் நிலவியல் கழகத்தில் அவர் இதை முன்வைத்தார். தொடர்ந்து அட்லாண்டிக்கைக் கடந்து பென்சில்வேனியாவிலும் நோவா ஸ்கோஷியாவிலும் கரிப் படுகைகளுக்கு அடியில் அதே களிமண்ணைத் தேடிக் கண்டார்.

தொழில்முறையில் இதன் பயன் பெரிது. கரி என்பது குறிப்பிட்ட ஒரு காலத்தில், குறிப்பிட்ட ஒரு சூழலில் வளர்ந்த காடு என்றால், அந்தக் காலத்தைச் சேர்ந்த பாறை எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் தேடினால் போதும். அதைவிட மிகப் பழைய பாறையில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் காசுதான் வீண்.

இரண்டு மாகாணங்கள், ஒரே எதிர்பார்ப்பு

மேல் கனடாவும் கீழ் கனடாவும், அதாவது இன்றைய ஒன்டாரியோவின் தெற்குப் பகுதியும் கியூபெக்கின் தெற்குப் பகுதியும், 1841இல் ஒரே மாகாணமாக இணைக்கப்பட்டன. செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் நீராவிக் கப்பல்கள் ஓடின. 1836இல் மாண்ட்ரியலுக்கு எதிர்க்கரையிலிருந்து நாட்டின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டிருந்தது. அதன் எஞ்சினில் எரிந்தது விறகு. பிரிட்டனைத் தொழில்வல்லமை மிக்க நாடாக்கியது நிலக்கரி என்று எல்லோரும் அறிந்திருந்தார்கள். தெற்கே பென்சில்வேனியாவில் அது வண்டி வண்டியாகத் தோண்டப்பட்டது. தங்கள் மண்ணிலும் இருந்தாக வேண்டும் என்று மாகாண மக்கள் நம்பியதில் தவறில்லை.

சட்டமன்றம் நிலவியல் ஆய்வுக்கென 1,500 பவுண்டு ஒதுக்கியது. டி லா பேஷ் உள்ளிட்ட அறிஞர்களின் பரிந்துரையுடன் 1842 ஏப்ரலில் லோகன் நியமிக்கப்பட்டார். மாண்ட்ரியலில் அவருடைய சகோதரரின் கிடங்கில் ஓர் அறைதான் தொடக்கத்தில் அலுவலகம். உதவியாளராக இருந்தவர் அலெக்சாண்டர் மர்ரே ஒருவரே. ஐரோப்பிய நாடுகள் பலவற்றைவிடப் பெரிய நிலப்பரப்பை இவ்விருவரும் நடந்தும் படகில் சென்றும் அளக்க வேண்டும்.

1843 கோடையில் நோவா ஸ்கோஷியாவின் ஜாகின்ஸ் கடற்கரையில் லோகன் வேலையைத் தொடங்கினார். அது அவரது மாகாணத்துக்கு வெளியே இருந்தது. ஆனால் அங்கே கடல் அரித்த செங்குத்துக் கரையில் கரிக் காலப் பாறைகள் புத்தகத்தின் தாள்கள்போல் அடுக்கடுக்காகத் தெரியும். கரி இருக்கும் நிலம் எப்படி இருக்கும் என்பதற்கு அளவுகோல் ஒன்றை முதலில் செய்துகொள்ள அவர் விரும்பினார். 14,570 அடி 11 அங்குலத் தடிமனுக்கு ஒவ்வோர் அடுக்கையும் அளந்து எழுதினார். கடைசி 11 அங்குலத்தையும் விடாத மனிதர் என்பதை இந்த எண்ணே சொல்லிவிடுகிறது. ஜாகின்ஸ் கடற்கரை 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

அடுத்து கஸ்பே தீபகற்பம். செயின்ட் லாரன்ஸ் கடலோடு கலக்கும் இடத்தில், கரிவளம் உள்ள நியூ பிரன்ஸ்விக்கிற்கு நேர் வடக்கே இருப்பதால், கரி இருந்தால் இங்கேதான் இருக்கும் என்ற நம்பிக்கை வலுவாக இருந்தது. மிக்மாக் பழங்குடி வழிகாட்டி ஒருவருடன் லோகன் கடற்கரை நெடுகிலும் நடந்தார். இரவில் கூடாரத்தில் தீ வெளிச்சத்தில் அன்றைய குறிப்புகளை மையால் எழுதி முடித்த பிறகே உறங்குவார். காலடிகளை எண்ணித் தூரத்தை அளந்தபடி, கந்தல் உடையில், பாறைத் துண்டுகளை மூட்டை கட்டிச் சென்ற இவரைக் கிராமத்தார் சிலர் புத்தி பேதலித்தவர் என்று எண்ணியதாகக் கதைகள் உண்டு.

இல்-பிசார் சுண்ணாம்புக்கல் சொல்வது

முதல் இரண்டு ஆண்டுகளின் வேலை முடிந்தபோது லோகனுக்கு விடை தெரிந்துவிட்டது. அப்பலாச்சியன் மலைத்தொடரின் கரிவயல் தெற்கே இருக்கிறது. மிச்சிகனின் கரிவயல் மேற்கே இருக்கிறது. நியூ பிரன்ஸ்விக், நோவா ஸ்கோஷியா கரிவயல் கிழக்கே இருக்கிறது. மூன்றும் மாகாணத்தைச் சுற்றி நிற்கின்றனவே தவிர, எதுவும் எல்லைக்குள் வரவில்லை. நடுவில் உள்ள மாகாணம் முழுவதும் கரிக் காலத்துக்கு முந்திய பாறைகளின்மேல் அமர்ந்திருக்கிறது. கஸ்பேயின் தென்கரையில் எட்டிப் பார்ப்பவையும் கரிப் படுகைகளுக்கு அடியில் அமையும் பாறைகளே.

மாண்ட்ரியல் வாழ் தமிழர்கள் இதைத் தங்கள் காலடியிலேயே காணலாம். நகரின் வடமேற்கு மூலையில் ஆறுகள் சூழ்ந்த இல்-பிசார் தீவையும், அதன் எதிர்க்கரையில் தமிழ்க் குடும்பங்கள் பல வசிக்கும் பியர்ஃபான் பகுதியையும் தாங்கி நிற்பவை ஆர்டோவிசியன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும். வயது 45 கோடி ஆண்டுகளுக்கும் மேல். வடஅமெரிக்காவின் கரிக்காடுகள் செழித்தது சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். இந்தக் கல் ஆழமற்ற வெப்பக் கடலின் அடியில் படிந்தபோது நிலத்தில் காடே தோன்றியிருக்கவில்லை. இல்லாத காட்டிலிருந்து கரி எப்படி வரும்? யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லும் பார்வைக்கு இதைப் போலத் தோன்றலாம். ஆனால் அது மயோசீன் காலத்தது, ஒப்பீட்டில் மிக இளையது. கல்லின் தோற்றம் ஒன்றானாலும் காலம் வேறு, அதனுள் எதிர்பார்க்கக் கூடியதும் வேறு. இல்-பிசாரில் சுண்ணாம்புக்கல்லைத் துளைத்து ஆழத்திலிருந்து மேலேறிய எரிமலைக் குழாய்ப் பாறை ஒன்றும் உண்டு. அது வைரம் தரும் கிம்பர்லைட் வகையா, வேறா என்று நிலவியலாளர்கள் 1980களிலும் விவாதித்தார்கள்.

ஆகவே லோகன் எழுதிக் கொடுத்தது இதுதான்: மாகாணத்தில் தொழிலுக்குப் பயன்படும் நிலக்கரி இல்லை, தேடிப் பணம் செலவிட வேண்டாம்.

அரசியல்வாதிகளுக்கு இது இனித்திருக்க முடியாது. ஆயினும் 1845இல் சட்டமன்றம் ஆய்வைத் தொடர நிதி வழங்கியது. கரி இல்லை என்ற பதிலோடு லோகன் வெறுங்கையுடன் வரவில்லை. செம்பு, இரும்பு, கட்டடக் கல், சிமென்ட்டுக்கான கல் என எங்கே என்ன கிடைக்கும் என்ற பட்டியலையும் கொண்டுவந்தார். 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியிலும் 1855இல் பாரிஸ் கண்காட்சியிலும் கனடியக் கனிமங்களை அவரே பெட்டி பிரித்து அடுக்கிக் காட்சிப்படுத்தினார். பாரிஸில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனிடமிருந்து லீஜன் ஆஃப் ஹானர் விருது கிடைத்தது. 1856இல் விக்டோரியா அரசி அவருக்கு சர் பட்டம் அளித்தார். உள்ளூரில் இல்லை என்று சொன்னவரை உலகம் பாராட்டியதும், உள்ளூரின் முணுமுணுப்பு அடங்கியது.

முழுவதும் அடங்கிவிடவில்லை. கரி கண்டுபிடித்துவிட்டதாக அவ்வப்போது செய்திகள் கிளம்பின. 1858இல் டொரன்டோவுக்குக் கிழக்கே போமன்வில் என்ற ஊரில் துளையிட்டபோது கரி வந்ததாக எழுந்த பரபரப்பு அவற்றில் பெரியது. மாதிரித் துண்டைக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்தார்கள். முதலீடு செய்யவும் ஆட்கள் தயாராக இருந்தார்கள். அந்தப் பாறையின் வயதுக்கு அது சாத்தியமே இல்லை என்று லோகன் உறுதியாக நின்றார். கரி வெளியிலிருந்து கொண்டுவந்து போடப்பட்டது என்பது பின்னர் அம்பலமானது. துளைக்குள் கண்ட கரியைவிட வரைபடத்தில் கண்ட காலக்கணக்கை நம்புவதற்கு அசாத்திய மனத்திடம் வேண்டும்.

எண்ணெய்க் கசிவுகள்

நிலக்கரியைத் தேடிய பயணங்களில் லோகனின் குறிப்பேடுகளில் வேறொன்றும் பதிவானது. கஸ்பேயில் நிலத்திலிருந்து எண்ணெய் கசியும் இடங்களை அவர் 1844இல் குறித்தார். அக்கசிவுகள், பாறை அடுக்குகள் வில்போல மேல்நோக்கி வளைந்த மடிப்புகளின் மீது அமைந்திருப்பதையும் கவனித்தார். அன்று பெட்ரோலியத்துக்குச் சந்தை இல்லை.

அவரது துறையில் வேதியியலாளராக 1847இல் சேர்ந்த தாமஸ் ஸ்டெரி ஹன்ட், தென்மேற்கு ஒன்டாரியோவின் எனிஸ்கில்லன் பகுதியில் கிடைத்த நிலக்கீல் மாதிரிகளை ஆராய்ந்து அறிக்கையில் வெளியிட்டார். அதே பகுதியில் 1858இல் ஜேம்ஸ் மில்லர் வில்லியம்ஸ் தோண்டிய கிணறு, வட அமெரிக்காவின் முதல் வணிக எண்ணெய்க் கிணறுகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1861இல் மாண்ட்ரியலில் நிகழ்த்திய உரையில், எண்ணெய் மேல்வளைவு மடிப்புகளில் ஏன் தேங்குகிறது என்பதை ஹன்ட் விளக்கினார். இருபதாம் நூற்றாண்டில் புவி இயற்பியலாளர்கள் உலகெங்கும் அதிர்வலைகளைக் கொண்டு தேடியது பெரும்பாலும் இத்தகைய மடிப்புகளைத்தான்.

இந்தியாவிலும் நிலவியல் ஆய்வு பிறந்தது நிலக்கரிக்காகவே. டி லா பேஷின் குழுவில் இருந்த டேவிட் ஹைரம் வில்லியம்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கரி தேட 1846இல் வங்கம் சென்று, 1848இல் காட்டுக் காய்ச்சலில் உயிரிழந்தார். 1851இல் தாமஸ் ஓல்டாம் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைத் தொடங்கினார். வங்கத்திலும் பிகாரிலும் கரி இருந்தது. தமிழகத்தின் பெரும்பகுதியில் இருப்பதோ கரிக் காலத்துக்கு மிக முந்திய பாறைகள். 1956இல் அரசு நிறுவனம் அமைத்துத் தோண்டத் தொடங்கிய நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, மிகப் பிற்காலத்துப் படிவம் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

தவறிய ஓரிடம்

லோகனின் கணிப்புகள் எல்லாம் பலிக்கவில்லை. ஆட்டவா ஆற்றுப் பகுதியின் மிகப் பழைய பாறைகளில் அடுக்கடுக்கான வடிவங்கள் சில கிடைத்தன. அவை உயிரினத்தின் எச்சம் என்று 1850களின் இறுதியில் அவர் கருதினார். மெக்கில் பல்கலைக்கழகத்தின் வில்லியம் டாசன் அதற்கு ஈயோசூன் கனடென்ஸ் என்று பெயரிட்டார். பூமியின் மிகத் தொன்மையான உயிர் எனப் பாடநூல்களும் ஏற்றன. 1894இல் வெசுவியஸ் எரிமலைக் கற்களிலும் அதே வடிவம் காணப்பட்டபோது, அது வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் கனிமங்கள் தாமே கொண்ட கோலம் என்பது தெளிவாயிற்று. காண விரும்பியதைக் கல்லில் காணும் ஆசையைக் கரி விஷயத்தில் வென்ற லோகன், இதில் வெல்லவில்லை. முடிவு வெளிவந்தபோது அவர் உயிருடன் இல்லை.

1863இல் அவரது துறை வெளியிட்ட கனடாவின் நிலவியல் பற்றிய நூல் 983 பக்கங்கள் கொண்டது. இருபதாண்டு நடையின் தொகுப்பு அது. ஏட்டுச்சுரைக்காய் என்று அதை யாரும் ஒதுக்கவில்லை. சுரங்கத் தொழிலில் இறங்கியவர்கள் முதலில் புரட்டியது அதைத்தான்.

1867இல் நோவா ஸ்கோஷியாவும் நியூ பிரன்ஸ்விக்கும் இணைந்து கனடா கூட்டாட்சி உருவானது. கால் நூற்றாண்டாக இல்லை என்று சொல்லிவந்த நிலக்கரி, அரசியல் எல்லை நகர்ந்ததால் நாட்டுக்குக் கிடைத்தது. ஏறத்தாழ 70 வயதில் லோகன் மீண்டும் திசைகாட்டியுடன் கிளம்பி, நோவா ஸ்கோஷியாவின் பிக்டோ கரிவயலை அளந்தார். 1869இல் பதவி விலகினார். திருமணம் செய்துகொள்ளவில்லை, சம்பளத்துக்கு அப்பால் சொந்தப் பணத்தையும் துறைக்குச் செலவிட்டார். மெக்கிலில் நிலவியல் பேராசிரியர் பதவி ஒன்று 1871இல் அவரது நன்கொடையால் அமைந்தது. 1875 ஜூன் 22ஆம் தேதி வேல்ஸில் சகோதரியின் இல்லத்தில் காலமானார். கில்கெர்ரன் என்ற சிற்றூரின் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து அவரது துறை ஆட்டவாவுக்கு இடம்பெயர்ந்தது.

அவர் ஆராய்ந்த அந்தப் பழம்பாறைகளில் வேறொரு எரிபொருள் இருந்தது. மாண்ட்ரியலுக்கும் கியூபெக் நகருக்கும் இடையே, ஆர்டோவிசியன் காலத்து யூட்டிகா களிப்பாறையில் இயற்கை வாயு அடங்கியிருக்கிறது. 2000களின் இறுதியில் நிறுவனங்கள் அங்கே துளையிட்டன. செயின்ட் லாரன்ஸ் கரையோர விவசாயிகளும் ஊர்மக்களும் தங்கள் நிலத்தடி நீரை எண்ணி எதிர்த்தார்கள். பணிகள் நிறுத்தப்பட்டன. 2022இல் எண்ணெய், வாயுத் தேடலுக்கே முற்றுப்புள்ளி வைக்கும் சட்டத்தைக் கியூபெக் நிறைவேற்றியது. காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கித் தமிழ்நாடு 2020இல் சட்டம் இயற்றிய நிகழ்வைத் தமிழ் வாசகர்கள் இங்கே நினைவுகூரலாம். லோகனின் காலத்தில் கேள்வி, மண்ணுக்கடியில் இருக்கிறதா என்பதாக இருந்தது. இன்று, இருந்தாலும் எடுக்கலாமா என்பதாக அது மாறியிருக்கிறது. கியூபெக்கின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் ஆறுகளிலிருந்து வருவதால், அந்த மாகாணத்துக்கு விடையளிப்பது சற்று எளிதாயிற்று.

செயின்ட் லாரன்ஸ் ஆற்றை ஒட்டி நீளும் பெரும் பாறைப்பிளவை நிலவியலாளர்கள் லோகன் கோடு என்றே அழைக்கிறார்கள். மாண்ட்ரியலில் கோடை மாலைகளில் கூட்டம் நிறையும் லா ஃபொன்டேன் பூங்கா, ஒரு காலத்தில் லோகன் குடும்பத்தின் பண்ணை நிலம். அரசு அதை 1845இல் வாங்கியது. 1901 வரை அதற்கு லோகன் பூங்கா என்றுதான் பெயர்.